தொண்ணூறு ஊசியும் ஐந்து நாள் டிக்கெட்டும்

மொத்தம் தொண்ணூறு ஊசி, ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்று பொன்னேரி டாக்டரம்மா சொன்னபோது துலுக்காணம் முதலில் கேட்டது, "பொங்கலுக்கு அஞ்சு நாளு லீவு உண்டாம்மா?" என்றுதான்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் கீழே வைக்கவில்லை. "உன் மார்ல இருக்கிற கிருமிக்குப் பொங்கல் கிடையாதுப்பா. கூட்டத்துல போய் உட்காரவும் கூடாது. நீ இருமினா பக்கத்துல இருக்கிறவனுக்கும் வரும்."

அது எழுபதுகளின் தொடக்கம். துலுக்காணத்துக்கு முப்பத்தெட்டு வயது. பழவேற்காடு ஏரிக் கரையில் முப்பத்தினாலு தலைக்கட்டு உள்ள ஒரு குப்பத்தில் இருந்தான். படகில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தான். கிரிக்கெட் என்றால் அவனுக்கு அந்தப் பெட்டியிலிருந்து வரும் குரல்தான். பதினைந்து வருடமாகக் கேட்கிறான், ஒரு பந்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த வருடம் இறால் வாங்க வரும் கம்பெனியின் கிளார்க் மூலம் சேப்பாக்கம் டெஸ்டுக்கு ஐந்து நாள் டிக்கெட் வாங்கிவிட்டான். நாளுக்கு ஒன்றாகக் கிழித்துக்கொள்ளும் ஐந்து சீட்டு. காசிமேட்டில் மச்சான் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

அண்ணன் அருணகிரிக்கும் இதே காசநோய்தான் வந்தது. நாற்பது ஊசி போட்டதும் இருமல் நின்றது. "ஒடம்பு தேறிச்சி" என்று ஊசியை விட்டுவிட்டு வலைக்குப் போனான். ஒன்றரை வருடத்தில் அவனை எரித்தார்கள். துலுக்காணம் இதை யாரிடமும் பேசுவதில்லை. பழவேற்காடு சுகாதார நிலையத்தில் தினமும் காலை எட்டு மணிக்கு ஊசி. கம்பவுண்டர் யேசுதாஸ் அட்டையில் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். அப்படி ஒன்பது கட்டம் நிரம்பியதும் டிக்கெட்டைக் கொடுத்துவிடுவது என்று துலுக்காணம் தீர்மானித்தான்.

"யாருக்கு?" என்றாள் மனைவி எல்லம்மா.

"குப்புராஜுக்கு. அவன்தான் கூட ஒக்காந்து ரேடியோ கேக்கறான்."

"இன்னிக்கே குட்த்துடு. ஊட்ல இருந்தா நீ போய்டுவே. உன்ன எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது சரி. அவன் கொடுத்தது தாராள மனத்தால் அல்ல, பயத்தால். இதை வள்ளல் தன்மை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன்மேல் நம்பிக்கை இல்லாதவன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டான், அவ்வளவுதான். ஆனால் அந்த நம்பிக்கையின்மையில் ஒரு தெளிவு இருந்தது. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சீட்டு குப்புராஜ் கைக்குப் போகும் முன்பே குப்பத்தில் சத்தம் எழுந்தது.

"இன்னா துலுக்காணம், குப்புராஜுக்கு மட்டும்தானா? நாங்கள்லாம் இன்னா சூலூர்பேட்டைலருந்து வந்தோமா?"

ஊர்ப் பெரியவர் ரங்கசாமி ஒரு வழி சொன்னார். "அஞ்சு நாளு, அஞ்சு சீட்டு. பாட்ல போட்டுடலாம்."

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எந்த வீட்டுக்காரன் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வதுதான் பாடு. ஒருவனுக்கு விழுந்த முறையை வேறு வீட்டுக்கு மாற்றித் தர முடியாது. மறுபடி குலுக்கவும் முடியாது. குடத்தில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டார்கள். முதல் நாள் ஒரு கிழவனுக்குப் போயிற்று. இரண்டாம் நாளுக்கு எடுத்த சீட்டைப் படித்துவிட்டு ரங்கசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். துலுக்காணத்தின் பெயர்.

"அவன் பேர ஏன் நைனா போட்டே?" என்று ஒருவன் அவரைக் கேட்டான்.

"முப்பத்தினாலுன்னா முப்பத்தினாலும் எழுதித்தான் பழக்கம். கை தானா எழுதிடிச்சிப்பா."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. மீதி மூன்று நாளுக்கும் சீட்டு எடுத்தார்கள். குப்புராஜுக்கு ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அவன்தான் முதலில் வந்து தோளில் தட்டினான். "ஏரியே கூப்புடுதுடா. போய்ட்டு வா. ஒரு நாளு ஊசிதானே?"

கூட்டத்தில் உட்காரக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னது இங்கே யாருக்கும் தெரியாது. அவன் சொன்னாலொழியத் தெரியப்போவதும் இல்லை. துலுக்காணம் இரண்டாம் நாள் டிக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எல்லம்மா கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படுத்துக் கெடக்கறவன் பாட்டுக்கு அவன் ஊட்டு ஆளு போலாம் இல்ல?" என்று அவன் கேட்டான்.

"போலாம். உனக்குத்தான் புள்ள கெடையாதே" என்றார் ரங்கசாமி.

"எல்லம்மா போவா."

"பொம்பளையா!" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கேட்டார்கள்.

அருணகிரியின் மனைவி கங்கம்மா முன்னால் வந்தாள். "அவரு கெடையா கெடந்தப்போ அவரு பாட்டுக்கு நான்தான் எறங்கி வலை இழுத்தேன். அன்னிக்கு யாரும் பொம்பளையான்னு கேக்கலியே" என்றாள்.

ரங்கசாமி சரி என்று தலையாட்டினார். எல்லம்மாதான் வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "யோவ், எனக்கின்னாய்யா தெரியும் அந்த எழவப் பத்தி? கட்டய வச்சிக்கினு நிப்பானுங்க, அத நான் போய் பாக்கணுமா? பேஜாரு பண்றே."

"போலன்னா நான் போய்டுவேன் மே" என்றான் துலுக்காணம். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவள் சீட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த நாள் வரும்போது அட்டையில் நாற்பது கட்டம் நிரம்பியிருந்தது. இருமல் நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. சோறு ருசித்தது. அண்ணன் ஊசியை விட்டது ஏறக்குறைய இந்த இடத்தில்தான். பட்டணத்துப் பஸ் சுகாதார நிலையத்துக்கு எதிரில்தான் நிற்கும். எல்லம்மா முகூர்த்தப் புடவை கட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலி. கண்டக்டர், "இன்னாபா, ஏறு. எடுக்கப் போறோம்" என்றார். ஆட்டத்துக்கு ஒரே சீட்டுத்தான் இருக்கிறது, அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டால் போதும். துலுக்காணம் பஸ்ஸின் கம்பியைப் பிடித்தான். எல்லம்மா முந்தானையில் முடிந்திருந்த சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அவன் கம்பியை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்தான். உள்ளே யேசுதாஸ் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வரமாட்டேன்னு நெனச்சேன்."

"நானும்தான். சீக்கிரம் போடு சார்."

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டபோது ஊசி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றைய ஆட்டத்தை அவன் ரேடியோவில் முழுக்கக் கேட்டான். மறுநாள் மத்தியானம் எல்லம்மா வந்தாள். ரன் எத்தனை, யார் அவுட் என்று அவளுக்கு எதுவும் தெரியவில்லை. "அடிக்கறது மொதல்ல தெரியுதுய்யா, சத்தம் அப்பறமாத்தான் வருது. அக்கரைல படகுக்கு ஆணி அடிக்கற மாரி. அந்த ஓரத்துல ஒருத்தன் நின்னான் பாரு, அவன்கிட்ட பந்தே வரல. அவன் பாட்டுக்குப் புல்லப் பிச்சிக்கினு இருந்தான்" என்றாள்.

இதில் ஒன்றைக்கூட ரேடியோ சொல்லவில்லை. துலுக்காணம் திரும்பத் திரும்பக் கேட்டான். சத்தம் எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று மூன்று தடவை கைதட்டிக் காட்டச் சொன்னான். "போதும்யா. அட்டைய எடு" என்றாள் அவள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாசி மூன்றாம் வாரத்தில் தொண்ணூறு முடிந்தது. அவனை வீரன் என்று சொல்ல எனக்கு இன்றும் தயக்கம்தான். பிடிவாதக்காரன் என்பதில் சந்தேகமில்லை. சித்திரையில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, வலைக்குப் போகலாம் என்றார். அடுத்த பாட்டில் துலுக்காணத்துக்கு முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் விழுந்தது. அவனே இறங்கி வலை இழுத்தான்.