எட்டாம் நம்பர் மெஷினின் வெறும் சுத்து

"என் மூக்கு என் மூஞ்சியில இருக்கிற வரைக்கும் இந்த எட்டு மெஷின்ல எதுலயும் ஒரு பீத்துணி உள்ள போகாது. போச்சுன்னா மூக்க அறுத்து நானே மெஷின்ல போட்டுச் சுத்திக்கிறேன்!"

சலவைக்கடையின் நட்டநடுவில், கூடையும் கையுமாய் நின்ற வாடிக்கையாளர்கள் சாட்சியாக, இப்படி ஒரு சபதத்தைச் செய்தவள் ரூல்ஸ் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுக்கே மறந்து பல காலமாகிறது.

காசு போட்டால் சுத்தும் மெஷின் எட்டு, உலர்த்தும் பெட்டி ஒன்று, சோப்புத்தூள் அலமாரி ஒன்று, 'குழந்தைகளின் கழிவுத்துணி போடக் கூடாது' என்று சிவப்பு மையில் மிரட்டும் பலகை ஒன்று. இந்தச் சாம்ராஜ்யத்தை அக்கா பதினோரு வருடமாக ஆண்டுவந்தாள். பலகையை மாட்டியது முதலாளி. அதற்கு உயிர் கொடுத்தது அவளுடைய மூக்கு. கூடை வாசற்படியைத் தாண்டுமுன்பே அதன் ஜாதகத்தை அது கணித்துவிடும். ஒருத்தி தலையணை உறைக்குள் திணித்துக் கொண்டுவந்தாள், பிடிபட்டாள். ஒருவன் தன் கால்சட்டைக் காலுக்குள் சுருட்டி வந்தான்; அவனும் தப்பவில்லை.

"கட்டித் தூக்கிப் போடுற டயாப்பர் வாங்க வேண்டியதுதானே?" என்பாள் அக்கா.

"வாங்க வக்கிருந்தா உங்க மூக்கு முன்னால வந்து ஏன்க்கா நிக்கப் போறேன்?"

"அப்ப வீட்டுல துவை."

"வீட்டுல தண்ணி வரலையே!"

"அதுக்கு நான் என்ன மேகமா?"

வந்தவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். அக்கா பக்கம் பலகை இருந்தது.

மதியம் இரண்டு மணி நேரம் கடைக்கு ஓய்வு. ஷட்டரை இறக்குமுன் அக்கா ஒரு சடங்கு செய்வாள். நாளெல்லாம் ஊர் அழுக்கைத் தின்ற எட்டு மெஷின்களில் தினம் ஒன்றுக்கு வயிறு கழுவிவிடுவது. மேல்மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு நாலு பக்கமும் பார்த்து, ஒரு நூல்கூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெந்நீர் விட்டு வெறுமனே சுத்தவிடுவாள். அதற்குப் பெயர் வெறும் சுத்து. பிறகு ஷட்டர், பூட்டு. சாவி கழுத்துக் கயிற்றில் ஏறும், சாப்பாட்டுக்குக் கிளம்புவாள். வழக்கமாக எட்டாம் நம்பருக்கே அதிகக் கவனிப்பு. மூலையில் இருக்கிறது, மேலே விளக்கு செத்துப் பல மாதமாகிறது, அதன் வடிகுழாய் அடிக்கடி விக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பிவந்து எட்டாம் நம்பரைத் திறந்தாள். உள்ளே ஆவி. ஆவி விலகியதும், தொட்டியின் உட்சுவரில் வெள்ளையாய் ஒன்று பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சதுரத் துணி. முனையில் இரண்டு நாடா. பச்சைக் குழந்தையின் இடுப்புக்கு மட்டுமே பொருந்தும் அளவு.

அக்கா அதை மூக்கருகே கொண்டுபோனாள். வாடையே இல்லை. வாடை இருந்திருந்தால் கத்தியிருப்பாள். இல்லாததால் கழற்றிவைத்த ஷட்டர் பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; ஒரு கீறல்கூட இல்லை. யாருக்கும் தெரியாமல் அதைச் சோப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை இன்னொன்று. இது ஏதோ ஆண்பிள்ளைச் சட்டையிலிருந்து வெட்டியது. பாக்கெட் அப்படியே இருந்தது. அந்தப் பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்க்கும் தைரியம், கால்சட்டைக் கால்களையெல்லாம் உதறிப் பார்த்த அக்காவுக்கு வரவில்லை. மறுவாரம் ஒருநாள் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தபோது, சுத்திக்கொண்டிருந்த எட்டாம் நம்பரின் பக்கமிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தை 'க்ளுக்' என்று சிரித்தது.

அன்று அக்கா சாப்பிடவில்லை.

எதிர்க்கடைத் தையல்காரர் அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"எத்தன பச்சப் புள்ளைங்க துணிய விரட்டியிருக்கே? அதெல்லாம் சும்மா விடுமா?"

"போய்யா. பேய்க்கு எதுக்குத் துணி துவைக்கணும்?"

"கொழந்தப் பேயா இருந்தா?"

இந்தத் தர்க்கத்தை அக்காவால் உடைக்க முடியவில்லை. தையல்காரரின் வாயோ ஊசியைவிடக் கூர்மை. மாலைக்குள் விஷயம் தெரு முழுக்கத் தைக்கப்பட்டுவிட்டது. எட்டாம் நம்பரை எவரும் தொடவில்லை. ஒரு கிழவர் மட்டும் தொட்டார். தொட்ட கையைக் கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. பேய் பிடிக்கவில்லை, பக்கத்துத் தெருச் சலவைக்கடைக்குப் போய்விட்டார்.

முதலாளி வந்தார்.

"பேய் கீயெல்லாம் எனக்குத் தெரியாது. யாரோ உள்ள துணி போடுறான். ஒண்ணு நீங்க போட விடுறீங்க, இல்ல தூங்குறீங்க. நாளைக்கு மத்தியானம் நானே வந்து தொறந்து பாப்பேன். ஒரே ஒரு துணி இருந்தாலும் சாவிய வச்சிட்டுக் கெளம்பிடுங்க."

"பதினோரு வருஷம் முதலாளி..."

"அதனாலதான் ஒரு நாள் டைம் குடுக்கிறேன்."

அக்காவுக்கு வேறு வேலை தெரியாது. வாங்குகிற சம்பளத்தில்தான் நடக்க முடியாத புருஷனும் வாடகை அறையும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் எட்டாம் நம்பரைச் சுத்தவிட்டாள். ஷட்டரை இறக்கினாள், உள்ளேயிருந்து. வெளியே சூரியன் மண்டையைப் பிளக்க, உள்ளே கும்மிருட்டு. உலர்த்தும் பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். பேயைப் பிடிக்க அவள் எடுத்துவைத்திருந்த ஆயுதம் ஒரு துடைப்பம்.

தொட்டியில் தண்ணீர் ஏறியது. குழாய் விக்கியது. ஏழு மெஷின்களும் மூடிய வாயோடு அவளைப் பார்த்தன. தன் மூச்சைத் தவிர இன்னொரு மூச்சு கேட்பதுபோல் இருந்தது. சின்ன மூச்சு, அவசர மூச்சு.

காலிச் சோப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்சுவரில் ஒரு பெட்டி தானாக நகர்ந்தது. அடுத்து இன்னொன்று. அங்கே ஒரு கதவு இருந்ததே அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. குழாய் பழுதுபார்க்கப் பக்கத்துக் கடையோடு பொதுவாய் வைத்த கதவு. அதன் இடுக்கில் முதலில் ஒரு கை வந்தது. கையில் பை. பிறகு ஒரு தோள். தோளுக்கு மேல் ஒரு சின்னத் தலை. அது இருட்டில் நேராக அக்காவையே பார்த்தது. கண் இமைக்கவில்லை.

துடைப்பம் அக்காவின் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"உஷ்... சிரிக்காதடா செல்லம்," என்றது வந்த உருவம். "ரூல்ஸ் பேய் சோறு திங்கப் போயிருக்கு. அது வர்றதுக்குள்ள முடிச்சிடணும், போன தடவ மாதிரி ஒண்ணையும் உள்ள விட்டுடக் கூடாது. வந்துச்சு, மோந்து பாத்தே நம்மளக் கண்டுபிடிச்சிடும். அப்புறம் ரூமும் போயிடும், வேலயும் போயிடும்."

குரல் தெரிந்த குரல். பக்கத்து டயாப்பர் கடையில் 'ஒரு பாக்கெட் எடுத்தா இன்னொண்ணு பாதி விலைக்கா' என்று நாளெல்லாம் கூவும் விற்பனைப் பெண். அந்தக் கடையின் பின்னறையில்தான் குடியிருப்பு. நாலு சுவருக்கும் கூரை வரைக்கும் டயாப்பர் பெட்டி. நடுவில் டயாப்பர் இல்லாத குழந்தை. சொட்டுச் சொட்டாய் வரும் குழாய்த் தண்ணீர் குடிக்கவே காணாது. உலகம் இவ்வளவு ஒழுங்காக அமைந்திருப்பதை அக்கா அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

இருட்டு பழகியதும் குழந்தையின் இடுப்பு தெரிந்தது. கட்டியிருந்தது ஒரு பழைய டயாப்பர். ஈரமாகி, வெயிலில் காயவைத்து, மறுபடி கட்டி, மறுபடி காயவைத்தது. பஞ்சு கட்டிகட்டியாய் உருண்டிருந்தது. அதன் ஓரத்தில் தொடை, தோலுரித்த மாதிரிச் சிவந்திருந்தது. குழந்தை அழவில்லை. அழுது பார்த்து விட்டுவிட்ட குழந்தைகள் அப்படித்தான் பார்க்கும்.

பெண் பையைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். அதற்குள் சுவருக்கு அந்தப்பக்கம் மணி அடித்தது. "கஸ்டமர்!" என்று கிசுகிசுத்துவிட்டுக் கதவுக்குள் மறைந்தாள். பெட்டிகள் மட்டும் மறுபடி நகர்ந்து மூடிக்கொண்டன.

அக்கா எழுந்திருக்கவில்லை. எழுந்து, முதலாளிக்கு அந்தக் கதவைக் காட்டிவிட்டால் போதும். வேலை நிலைக்கும், பேய்க்கதையும் முடியும்.

ஷட்டர் தடதடவென்று அதிர்ந்தது. எதிர்பார்த்த நேரத்துக்கு அரை மணி முன்னதாக, ஷட்டரைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார் முதலாளி.

"உள்ள இருட்டுல என்ன பண்றீங்க?" என்று கேட்டபடியே எட்டாம் நம்பரை நோக்கி நடந்தார். "என்ன சுத்துது?"

"வெறும் சுத்துதான் முதலாளி."

முதலாளி மூடிமேல் கைவைத்தார். மூக்கைச் சுருக்கினார். "ஏதோ ஒரு மாதிரி வாடை வருதே?"

அக்கா ஆழமாக இழுத்து மோந்தாள். தெருவே நம்பும் அந்த மூக்கால், நிதானமாக, இரண்டு முறை.

"எனக்கு ஒண்ணும் வரலையே. சாக்கடக் குழாயா இருக்கும். தொறக்காதீங்க முதலாளி, கொதிக்கிற தண்ணி. வெள்ளச் சட்ட வேற போட்டிருக்கீங்க."

முதலாளி கையை எடுத்துச் சட்டையைப் பார்த்துக்கொண்டார். "அப்ப அந்தப் பேய்?"

"தையக்காரருக்கு இப்பல்லாம் வேலை கொறவு முதலாளி."

அது நம்பும்படியாக இருந்தது. "உங்க மூக்க நம்பித்தான் போறேன்," என்று முதலாளி கிளம்பினார்.

மெஷின் நின்றது. அக்கா மூடியைத் திறந்து, ஆவிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாய் எடுத்துப் பிரித்தாள். ஏழு துணி. ஒன்றில் மட்டும் மஞ்சள் முழுதாகப் போகவில்லை. அதைக் கட்டைவிரலால் கசக்கிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அலமாரியிலிருந்து சோப்புத்தூளை அள்ளிப் போட்டு, ஏழையும் உள்ளே தள்ளி மூடிவிட்டு, முதலிலிருந்து மறுபடி சுத்தவிட்டாள்.