ஆரணிக்குப் போனேன், ஒரு குதிகாலைப் பார்க்க

காலை 7.10. வேலூர்ப் பேருந்து நிலையத்தில் ஆரணி வண்டி புறப்படாமல் உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், தொலைவு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். எனக்கு இருக்கையில் பொறுமையாக உட்கார முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று இயன்முறை மருத்துவர். கால் இழந்தவர்களைச் செயற்கைக் காலில் நிற்கவும் நடக்கவும் பழக்குகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதில்லை. ஆரணி நெசவாளர் கோதண்டமும் மருத்துவமனையில் கைப்பிடி இல்லாமல் நடந்து காட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். ஆனால் வீட்டில் சுவரை விடுவதே இல்லையாம். அவர் மனைவி மல்லிகாவுக்குச் செய்யாரில் செருப்புக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை கம்பெனி பஸ் வரும். பகல் முழுக்க அவரைத் தனியே விடலாமா என்று கேட்டுப் போன் செய்திருந்தார்.

கண்ணமங்கலத்தில் வண்டி நின்றது. கீழே இறங்கினேன், உடனே ஏறினேன். "இன்னாம்மா, வண்டியத் தள்ளப் போறியா?" என்றார் நடத்துநர்.

8.45. ஆரணி. ஆட்டோக்காரர் பட்டு வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். கோதண்டம் வீடு என்றதும், "கால் போன அண்ணனா? பயந்துகினு வெளியவே வரதில்லீங்க அவரு" என்றார். தெருவில் ஒரு பக்கம் கைத்தறி தட்டும் சத்தம், மறு பக்கம் விசைத்தறி இரைச்சல். இரண்டுக்கும் நடுவே ஆட்டோ குலுங்கிப் போனது.

வாசலில் அவருடைய இரண்டு செருப்புகளும் ஒழுங்காகக் கிடந்தன. நானும் என்னுடையதைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"வாங்க மேடம். இதோ பாருங்க கூத்த" என்று கோதண்டம் சுவரில் கை வைத்தபடி நான்கு அடி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு பின்னால் சாய்ந்தது. "பின்னாடி யாரோ சட்டயப் புடிச்சி இழுக்கிற மாதிரியே கீது. பயந்தாங்கொள்ளின்னு இவளே சொல்றா."

"நான் எங்க சொன்னேன்? உங்க அண்ணந்தான் சொன்னாரு" என்றார் மல்லிகா.

தரையில் உட்கார்ந்து செயற்கைக் காலின் பாதத்தைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது. செருப்பின் குதிகால் உயரத்துக்கு ஏற்றபடி பொருத்திய பாதம் அது. மருத்துவமனையில் செருப்போடு நடந்தார். இங்கே வெறும் தரையில் குதிகால் தாழ்கிறது, ஆளைப் பின்னால் சாய்க்கிறது.

"வீட்டுக்குள்ள செருப்பு போட்டுக்குங்க."

இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "தறி இருக்கிற எடத்துலயா?" என்றார் மல்லிகா. "தறியில கட்டியிருக்கிற பாவு நூலு மேல செருப்புக் கால் பட்டா அந்தப் பொடவைய யாரு தலையில கட்டறது? வேற எதுனா சொல்லுங்க."

நான் வாசல் நடையில் இரண்டு முறை போய் வந்தேன். பிறகு தெருமுனைக் கடையில் புது ரப்பர்ச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, ஒன்றின் குதிப் பகுதியை மட்டும் அறுத்தேன். மல்லிகா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரு மண்ணு படல. வார் இல்ல. அப்ப இது செருப்பு இல்ல" என்று தீர்ப்புச் சொல்லி, அதில் மஞ்சள் பொட்டும் வைத்துக் கொடுத்தார். பிளாஸ்திரியால் அதைச் செயற்கைப் பாதத்தின் குதிகாலில் ஒட்டினேன். அடுத்த வாரம் வேலூரில் பாதத்தையே சரிசெய்ய வேண்டும், அதுவரைக்கும் இது.

கோதண்டம் நிமிர்ந்து நின்றார். சாயவில்லை. ஆனாலும் கை சுவரை விடவில்லை. குதிகால் உயர்ந்துவிட்டது, பழகிப்போன பயம் அப்படியேதான் இருந்தது. விழுந்தால் எழுவதற்கு மருத்துவமனையில் மெத்தை மேல் பழக்கியிருந்தேன். இங்கே சிமெண்ட் தரை.

மல்லிகா கைகளை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனார்.

"நீ வெளிய போடி. நீ கைய நீட்டிகினு வந்தா எனக்கு வுழற மாதிரியே இருக்குது. மேடம், நீங்களும்."

10.20. இருவரும் தெருவில் நின்றோம். நான் வாசலுக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். மல்லிகா பாய்ந்தார். நானும் படியில் கால் வைத்துவிட்டேன்.

"யாரும் உள்ள வராதீங்க!"

மல்லிகா என் முழங்கையைப் பிடித்தார், நகம் பதிந்தது. தரையில் ஏதோ உரசியது. ஒரு முனகல், ஒரு கெட்ட வார்த்தை. பிறகு ஒன்றும் இல்லை. அந்த அமைதியில் ஓடிப்போய்ப் பார்க்காமல் நிற்பதுதான் அன்று நான் செய்த வேலையிலேயே கடினமானது.

பிறகு உள்ளே அவருடைய தறி தட்டத் தொடங்கியது. முதலில் தடுமாற்றமாக, பிறகு சீராக.

மல்லிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஓட்டுநருக்குப் போன் போட்டார். "அண்ணா, நாளைக்கு பஸ்ஸு எங்க வந்து நிக்கும்?"

11.30. திரும்பும் வண்டியில் சன்னலோர இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் நான் விழுந்தால் தூக்கிவிட ஏழு பேர் ஓடி வருவார்கள். நான் எழும்வரை வெளியே நிற்க யாருக்கும் தெரியாது. கண்ணமங்கலம் வரும்வரைக்கும் முழங்கையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.