பொயின்ட் கார்ட் தம்பியின் இடது கால்

ஹோம்புஷ் ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது தம்பி பாதியில் நின்று, குனிந்து, சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அதை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினான்.

நான் இரண்டு படி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காப்புறுதி நிறுவனத்துக்கு இழப்பீடு கேட்டு வரும் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. மனிதர்கள் எந்த இடத்தில் கதையை மாற்றுகிறார்கள் என்று தேடித் தேடியே எனக்கு நாற்பத்தொன்பது வயதாகிவிட்டது.

"என்னடா, மூச்சு வாங்குதோ?"

"இல்லை அக்கா. லேஸ்."

தம்பி நிரோஷனுக்கு முப்பத்தாறு வயது. சிட்னியில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் பொயின்ட் கார்ட். பந்தை முன்னே கொண்டுபோய், மற்ற நால்வரும் எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்று ஆட்டத்தை நடத்துகிறவன். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் பந்தைக் கொடுக்க வேண்டும். கண்ணால் பொய் சொல்வது அந்தத் தொழிலில் பாதி. படியில் அவன் எனக்குச் செய்ததும் அதுதான்.

இடது கெண்டைக்கால் ஒரு வாரமாக வலித்திருக்கிறது. அணியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வயதான ஆட்டக்காரன் கால் வலிக்கிறது என்றால் கேட்பவர்கள் காதில் வயது மட்டும்தான் விழும். இரண்டு நாள் கழித்து, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் குளியலறைச் சுவரைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சை சி.டி. ஸ்கான் எடுத்தார்கள். நுரையீரல் தமனி அடைப்பு (காலில் உறைந்த இரத்தக்கட்டி கழன்று, மேலே வந்து, நுரையீரலின் குழாயை மறிப்பது) என்றார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த இளம் மருத்துவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியங்களை நான் கவனமாகக் கேட்பவள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தால், தசைப்பிடிப்பு என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கட்டி நுரையீரலில் வந்து நிற்கும்போது எப்போதும் நெஞ்சு வலிப்பதில்லை. ஒரு வேலையின் நடுவே மூச்சு காணாமல் போகிறது. அவ்வளவுதான்.

இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. அதை எடுத்துக்கொண்டிருக்கும் வரை உடல் மோதும் ஆட்டம் கூடாது. தலையில் ஒரு முழங்கை பட்டால் உள்ளே கசியும் இரத்தம் நிற்காது. இரத்தவியல் நிபுணர் இதைச் சொன்னபோது தம்பி தலையாட்டிக் கேட்டான். மிக ஒழுங்காகத் தலையாட்டினான்.

மூன்றாம் நாள் அணியின் மருத்துவர் பழக்கூடையுடன் வந்தார். அறுபது வயதிருக்கும். கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். நான் கேட்டுவிட்டேன்: "நீங்கள் இவனுடைய டொக்டரா, கிளப்பினுடைய டொக்டரா?"

"இரண்டும்தான். அதில்தான் சிக்கலே" என்றார்.

நேர்மையான பதில்தான். அதனாலேயே எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது.

மெல்பேர்னில் கிரான்பர்னில் இருக்கும் அம்மா தொலைபேசியில் வேறு காரணம் கண்டுபிடித்தார். "ரீவியில உவனைப் பார்க்கிற சனத்தின்ர கண்தான். எத்தினை தரம் சொன்னனான், உப்பைச் சுத்திப் போடு எண்டு." எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரை. அம்மா ஊரைச் சந்தேகிப்பார். நான் நிறுவனங்களை.

தம்பி என் வீட்டுக்கு வந்து தங்கினான். ஆறாவது வாரத்திலிருந்து, ஆடாவிட்டாலும் பயிற்சிக்கு வந்து நில் என்று கிளப் கூப்பிட்டது. எதற்கு என்று பார்க்க ஒருநாள் நானும் போய், அரங்கின் ஓரத்தில் கதிரை போட்டு இருந்தேன்.

அணியில் ஏழடி உயரத்தை நெருங்கிய அமெரிக்கன் ஒருவன். அன்று அவன் எறிந்த எதுவும் கூடைக்குள் போகவில்லை. பயிற்சியாளர் கத்தினார். அவன் மேலும் பிழையாக எறிந்தான். தம்பி கோட்டுக்கு வெளியே நின்றபடி, "மகளுக்குக் காது வலி எப்படி?" என்று கேட்டான். அந்தப் பெரிய தோள்கள் அரை அங்குலம் கீழே இறங்கியதை நான் கண்டேன். ஒரு நிமிடம் பேசினார்கள். பிறகு எறிந்த பந்துகள் உள்ளே போயின. ஆட்ட முடிவில் வெளியிடும் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

பயிற்சியாளர் என்னிடம் வந்து, "இவன் இல்லாதபோது என்னிடம் ஐந்து நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இவன் வாயைத் திறந்தால்தான் அது அணி" என்றார். அழகான வாக்கியங்களை நான் நம்புவதில்லை. ஆடும் காலை இழந்தவனின் குரலையும் பிழிந்து எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். காரில் தம்பியிடம் சொன்னேன்.

"அக்கா, உங்களைக் கேட்டா எல்லாருக்கும் ஒரு அஜெண்டா இருக்கு" என்று சிரித்தான்.

மூன்றாம் மாத முடிவில் ஒரு காலை, அவன் சட்டை மாற்றும்போது விலாவில் முழங்கை அளவுக்கு ஊதா நிறம் கண்டேன். கோட்டுக்கு வெளியே நிற்பவனை யார் இடிப்பார்கள்? துவைக்க எடுத்த அவனுடைய மேலங்கிப் பையில் கை துடைக்கும் ரிசுத் தாளில் சுற்றிய நான்கு மாத்திரைகள் இருந்தன. குசினி மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"இது என்னடா?"

"மறந்திட்டன்."

"மறந்த மாத்திரை பெட்டிக்குள்ள கிடக்கும். இது ரிசுவுக்குள்ள கிடக்கு."

பிடிபட்டால் சிரிப்பது சிறுவயதிலிருந்தே அவனுடைய பழக்கம். சிரித்தான். "லிசின் அக்கா. ராத்திரிப் போட்ட மாத்திரை காலமையாகேக்க பாதிக்கு வந்திடும். காலமை ஒண்டை விட்டா, பின்னேரம் ஒரு கேப் திறக்குது. அந்த கேப்புக்குள்ள ஆடிட்டு வந்து அடுத்ததைப் போடுறன். ரெண்டு கிழமையாத்தான்."

இருபது வருடமாக எதிரணிக் காவலில் எங்கே இடைவெளி திறக்கும் என்று பார்த்தே வாழ்ந்தவன். தன்னைக் காப்பாற்றும் மாத்திரையையும் எதிரணியில் நிறுத்தி, அதற்குள் ஓட வழி பார்த்திருக்கிறான்.

"ஆர் சொல்லித் தந்தது? கிளப் டொக்டரோ?"

"ஒருத்தருமில்லை. லிட்கம்மில ஒரு கோர்ட் எடுத்து ஃப்ரெண்ட்ஸோட ஆடுறன். கிளப்புக்குத் தெரிஞ்சா என்ர கதை முடிஞ்சுது. சொல்லிப்போடாதேங்கோ. ப்ரொமிஸ்?"

"ஓம்" என்றேன்.

ஆனால் அவன் சொன்னதை நான் நம்பவில்லை. இவ்வளவு சுத்தமான கணக்கு இவனுக்கு எப்படித் தெரியும்? ஆட்டப் பருவ முடிவு நெருங்குகிறது, அணிக்கு ஆள் வேண்டும், யாரோ காதில் ஊதியிருக்கிறார்கள். மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அணி மருத்துவரின் அறைக்குப் போனேன். வாக்கை மீறுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஏற்கெனவே விஷயம் தெரிந்தவரிடம் போய்ச் சொல்வது எப்படிக் காட்டிக்கொடுப்பதாகும்?

"மாத்திரையை நிறுத்தி அவனை ஆடச் சொன்னது நீங்கள்தானே?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். மனிதர் முகத்தில் பொய் எங்கே உட்காரும் என்று எனக்குத் தெரியும். இந்த முகத்தில் அது இல்லை.

"எதை நிறுத்தி?" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். ஒன்றுமில்லை, பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று ஏதோ உளறினேன்.

"அவனுடைய மருத்துவம் பற்றி உங்களிடம் நான் ஒன்றும் பேச முடியாது. நீங்கள் சொன்னதைக் கேட்காதவன்போல இருக்கவும் முடியாது. தயவுசெய்து உட்காருங்கள்" என்றார்.

உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்று மாலையே அவனுடைய காலை மறுபடி ஸ்கான் செய்தார்கள் (ஒலியலைகளால் இரத்தக் குழாயின் உட்புறத்தைப் பார்ப்பது). இடது கெண்டைக்காலில் ஒரு கட்டி இருந்தது. பழையதின் மிச்சமா, அந்த இரண்டு வாரத்தில் வந்த புதியதா என்று படத்தால் சொல்ல முடியவில்லை. என் சந்தேகம் அவனைக் காப்பாற்றியதா, அவனுடைய வேலையைப் பறித்ததா என்று எனக்குச் சொல்ல வேண்டிய படமும் அதுதான்.

இரத்தவியல் நிபுணரிடம் இன்னும் எவ்வளவு காலம் என்று தம்பி கேட்டான். "மருந்தை நிறுத்த எனக்கு ஒரு காரணம் கிடைக்கும் வரை. இப்போது என்னிடம் இல்லை" என்றார் அவர். அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஊடகத்துக்கு இரண்டு வரி அறிக்கை போனது.

பையைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பும்போது, "நீங்கள் டொக்டரைப் பிடிக்கப் போய் என்னைப் பிடிச்சுக் குடுத்திட்டீங்கள்" என்றான். குரலை உயர்த்தவில்லை.

நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இங்கே அதிகமில்லை. வாக்குக் கொடுக்கும் முன் யோசியுங்கள். மாத்திரையை மறைப்பவன் சாக விரும்புகிறவனாக இருக்க வேண்டியதில்லை. பழையபடி இருக்க விரும்பினாலும் மறைப்பான். நான் உண்மையிலேயே குற்றம் சாட்டத்தான் போனேனா, அந்த இரகசியத்தை யார் மேசையிலாவது இறக்கிவைக்கப் போனேனா? என்னுடைய இந்தக் கோரிக்கையை இன்றுவரை என்னால் சரிபார்த்து முடிக்க முடியவில்லை.

ஐந்து வாரம் அவன் பேசவில்லை. ஆறாவது வாரம் ஒரு ஞாயிறு காலை, கையில் கிளப்பின் கடிதத்துடன் வாசலில் நின்றான். இரண்டு ஆட்டப் பருவங்களுக்கு, உதவிப் பயிற்சியாளராகப் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார அவனைக் கேட்டிருந்தார்கள்.

"என்னால ஆடேலாது. பிறகு என்னத்துக்கு அக்கா என்னை வைச்சிருக்கினம்? பாவம் பார்க்கினமோ? நான் வெளியில ஏதும் கதைச்சிடுவன் எண்டு பயப்பிடினமோ?"

ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத் தடிமனும் சளியும் தொற்றுவதுபோல என் கேள்விகள் அவனுக்குத் தொற்றியிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதத்தை வாங்கி மூன்று முறை வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்த்தேன்.

"ஒண்டும் பிழையாத் தெரியேல்லை" என்றேன். அதைச் சொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை.

"வடிவாப் பார்த்தனீங்களோ?"

"வடிவாத்தான் பார்த்தனான். உனக்கு விருப்பமெண்டால் போடா."

கடிதத்தை மடித்துக்கொண்டு குசினிக் கதிரையில் உட்கார்ந்தான். இப்போது அவனுடைய நாள் மாத்திரையில் தொடங்கி மாத்திரையில் முடிகிறது. காலை ஏழுக்குக் கைப்பேசி மணி அடிக்கும், இரவு ஏழுக்கு மறுபடி அடிக்கும். அதற்கு அப்பால் அவன் திட்டம் போடுவதில்லை. அடுத்த வருடம் என்ற சொல்லை அவன் வாயில் நான் கேட்டு மாதங்களாகின்றன. நானும் மாறித்தான் போயிருக்கிறேன். யார் படியேறினாலும் அவர்களுடைய மூச்சை எண்ணுகிறேன்.

பிறகு அவன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, இரண்டு கால்களையும் எதிர்க் கதிரையில் தூக்கிப் போட்டான்.

"சரி, இதையும் பாருங்கோ. ரெண்டும் ஒரே அளவோ?"

நான் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்து, முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளிச் சுற்றினேன். தோல் சூடாக இருந்தது. உள்ளே இரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. இடது கால் சுற்றளவில் ஒரு சென்ரிமீற்றர் பெரிது.

இரண்டாம் முறையும் அளந்தேன். அதே ஒரு சென்ரிமீற்றர்.

"வீக்கமோ?" என்றான்.

இடது கால் அவன் ஊன்றி எழும்பும் கால். இருபது வருடமாக ஒவ்வொரு முறை எம்பும்போதும் முழு உடலையும் தூக்கியது அதுதான். அந்த ஒரு சென்ரிமீற்றர் நோயாக இருக்கலாம், ஆட்டம் வளர்த்த தசையாகவும் இருக்கலாம். இதற்கு முன் யாரும் அதை அளந்து பார்த்ததில்லை.