பொட்டு வைத்த இரும்பு

ஏழுமலை அண்ணன் போய்விட்டார் என்று அவர் மனைவி கஸ்தூரி அக்கா போன் செய்தபோது, நான் பூஜை விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. போன பங்குனியில் அவர் முகத்தில் துண்டு கட்டி நின்றதுதான் கண்ணில் வந்தது.

எங்கள் ஊர் பனித்திட்டில் அவரை அறியாதவர் குறைவு. குழாய்க் காற்றின் வேகத்தில் மணல் போன்ற கரட்டுத்தூளைப் பாய்ச்சி, பெயிண்ட் அடிக்கும் முன் இரும்பின் துருவை உரிப்பவர். கடற்காற்றில் எங்கள் கோயில் கேட்டு வருடா வருடம் உரியும். நாங்களும் துருவின் மேலேயே பெயிண்ட் பூசுவோம். "குளிக்காம புதுச்சட்டை போட்டா சுத்தமாயிடுமா?" என்று கேட்டு, தானாகவே வேலைக்கு வந்தார்.

அந்தப் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியத்துக்குள் கேட்டு முழுதும் வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. ஊதும்போது மூக்கில் தூசி ஏறாமல் அவர் மாட்டும் தலைக்கவசம் வாடகைக்கு வந்தது. வேலை முடிந்ததென்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் பெயிண்ட் கலக்கத் திரும்பிய நேரத்தில், நான் மஞ்சள் குழைத்துக் கேட்டில் மூன்று இடத்தில் தடவிக் குங்குமம் வைத்தேன்.

"இன்னாம்மா பண்ணிட்ட?"

"அம்மன் வாசல்ணே. பொட்டு வைக்காம பெயிண்ட் அடிக்கலாமா?"

"பெயிண்ட் காஞ்சதும் ஒடம்பு பூரா வையி, யாரு வேணாம்னா? கை பட்ட எடத்துல பெயிண்ட் நிக்காது. அம்மா கோச்சுக்க மாட்டா, துரு கோச்சுக்கும்."

"தொடைச்சிடறேண்ணே."

"தொடைச்சா இன்னும் ஈஷிக்கும். தள்ளு."

ஈரக்காற்று ஏறுவதற்குள் பூசியாக வேண்டும். இல்லையென்றால் கேட்டு முழுதும் மறுபடி துருப்பிடிக்கும். கவசத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அந்த மூன்று இடத்தையும் மறுபடி பத்து நிமிடம் ஊதினார். தூசிக்குள் அவர் இருமியது எனக்குக் கேட்டது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பொட்டை அழிக்கிறாரே என்ற கோபத்தில் நின்றிருந்தேன்.

ஆடியில் படுத்தார். பல வருடத் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். பல வருடம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன், முடியவில்லை. காரியத்தன்று கஸ்தூரி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பத்து நிமிஷமா? கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து நான் அந்த இருமலோடதான்டி தூங்கினேன். உன்ன நெனச்சு சிரிப்பாரு. 'இரும்புக்குப் பொட்டு வச்ச மகராசி'ம்பாரு. போ, ஒரு வாய் சாப்புடு."

அக்கா மன்னித்துவிட்டார். அண்ணனும் சிரித்திருக்கிறார். கேட்டில் இன்றுவரை ஒரு செதில் உரியவில்லை. அதைத் திறந்துதான் தினமும் உள்ளே போகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பத்து நிமிடம்தான். உன் மேல் தப்பில்லை என்று யார் அதை வாங்கிக்கொள்ள வந்தாலும் கொடுக்க மாட்டேன்.