ஒரு ஆள் குறைவு

அயோவாவில் ஆர்டிஸ் இருந்த மாவட்டத்தில் மருத்துவக் காப்பீடு விற்க முன்பு மூன்று கம்பெனிகள் இருந்தன. லாபம் போதவில்லை என்று இரண்டு மூட்டை கட்டிவிட்டன. மிஞ்சிய ஒன்றை யார் கேட்பது? அவளுடைய புற்றுநோய் டாக்டரையே அது தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பட்டியலில் இருக்கும் டாக்டரைப் பார்க்க நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வீட்டிலேயே முடிவெட்டும் கடை வைத்திருப்பவளுக்கு எந்த முதலாளி காப்பீடு எடுத்துத் தரப்போகிறான்?

அதனால்தான் இடைத்தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குப் போனாள். முப்பது வருஷமாக எல்லாக் கட்சிக்காரன் தலைமுடியையும் வெட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள். வேட்பாளராக இரண்டு பேர் முன்வந்திருந்தார்கள். கம்பெனிகளுக்குப் போட்டியாக அரசாங்கமே ஒரு காப்பீடு கொண்டுவர வேண்டும் என்றாள் ஜோலீன் டீச்சர். அரசாங்கம் தலையிடாமல் இருந்தால் கம்பெனிகள் தானாக வரும், பொறுங்கள் என்றான் பக்கத்துப் பண்ணை கர்ட். ஆர்டிஸால் பொறுக்க முடியாது.

ஓட்டுச்சீட்டு கிடையாது. பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில், யாருக்கு ஆதரவோ அவர் பக்கத்துச் சுவரோரம் போய் நிற்க வேண்டும், ஊரே பார்க்கும். எண்ணினார்கள். ஜோலீனுக்கு இருபது, கர்ட்டுக்கு இருபத்தொன்று. அந்த இருபத்தொன்றில் ஒருவன் ஆர்டிஸின் புருஷன் வெர்லின். மனம் மாறுகிறவர்களுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார் தலைவர்.

ஆர்டிஸ் நேரே அவனிடம் போனாள்.

“வெர்லின், என்னோட வா.”

“எப்படி வர்றது ஆர்டி? உனக்கு ஆபரேஷன் நடந்தப்ப நம்ம சோளத்தை அறுத்துக் கொடுத்தவன் கர்ட். அவன் கண்ணு முன்னாடியே எப்படிடி அந்தப் பக்கம் போவேன்?”

“அவன் சோளத்தைக் காப்பாத்தினான். நான் என் உசிரைக் காப்பாத்திக்கப் பாக்கறேன்.”

“சத்தம் போடாத. எல்லாரும் பாக்கறாங்க.”

அட, இந்த ஊர் மரியாதை நாசமாய்ப் போக! காபிக் கோப்பையைக் குனிந்து பார்த்தபடியே நின்றான் அந்த மனுஷன். ஐந்து நிமிஷம் முடிந்தது. கர்ட் ஜெயித்துவிட்டான்.

ஜெயித்தவரை ஒருமனதாக அறிவிக்க எல்லோரும் கை தூக்குவது வழக்கம். தோற்றவர்களும் தூக்கினார்கள், ஜோலீன் உட்பட. ஆர்டிஸ் மட்டும் தூக்கவில்லை. தலைவர் அவளையே பார்த்தார்.

“அவளுக்கு ஆபரேஷன் பண்ணின பக்கம், கையைத் தூக்க முடியாது,” என்றான் வெர்லின் அவசரமாக. “கணக்குல சேத்துக்கோங்க.”

“அது வலது பக்கம்,” என்றாள் ஆர்டிஸ். “இடது கை நல்லாத்தான் இருக்கு. நான் தூக்கலை.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘ஒருமனதாக’ என்று எழுதினார். எல்லோரும் கை தட்டினார்கள். வெர்லினும் தட்டினான்.