ஸ்டோர் அருவியும் கசப்பு மரவள்ளியும்

புளித்த ரப்பர் பாலின் வாடை முதலில் வரும். அருவியின் இரைச்சல் அதற்குப் பிறகுதான். பாலிங் டவுனை ஒட்டிய அந்த அருவியின் காலடியில்தான் எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலை இருந்தது. நாங்கள் அதை "ஸ்டோர்" என்போம். அருவித் தண்ணீரை வாய்க்காலில் இழுத்து, பாலை உறையவைக்கும் நீண்ட சிமெண்டுத் தொட்டிகளுக்கு விட்டிருந்தார்கள். சண்டையில் ஜப்பான்காரன் வந்தான், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடினார், ஆலை நின்றது, அப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். வாடை மட்டும் போகவில்லை.

அரிசி கண்ணில் படாத காலம். நல்ல மரவள்ளியும் தீர்ந்து, வேலியோரத்தில் பன்றிகூடத் தொடாத கசப்பு மரவள்ளிதான் மிஞ்சியது. அதைத் துருவிப் பிழிந்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்தால் நஞ்சு போய் மாவு தங்கும் என்று அம்மா கேள்விப்பட்டிருந்தார். தம்பி முத்துவுக்கு அப்போது விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "அப்பன் வர்ற வரைக்கும் ரெண்டும் உசுரோட இருக்கணும். எனக்கு வேற வேல இல்ல" என்று அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அருவிக்கு நடந்தார், நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்தபோது தொட்டியில் வெள்ளை வெளேரென்று பால் இறங்கியது. அங்கேதான் வந்தது வினை. பால்மரம் வெட்டிப் பிழைத்த எங்கள் சனத்துக்குப் பாலில் தண்ணீர் கலப்பது திருட்டுக்குச் சமம். கண்டுபிடித்தால் கங்காணி அன்றைய "பேரை" வெட்டிவிடுவார், கூலி கிடையாது. பக்கத்திலேயே அருவி கொட்டிக்கொண்டிருக்க, அம்மாவும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் பெரியம்மாவும் பயந்து பயந்து ஊற்றினார்கள். "போதும்டி, பாலு தண்ணியாப் போயிரும்" என்று பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாவில் சுட்ட ரொட்டியை முத்துதான் முதலில் தின்றான். சற்று நேரத்தில் வாந்தி, கண் செருகியது. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையைவிட அம்மாமேல் கோபம்தான் வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். மறுநாள் காலை அம்மா மறுபடியும் கூடையை எடுக்க, பெரியம்மா வழியை மறித்தார்.

"இன்னும் புத்தி வரலியா? பிள்ளையக் கொல்லப் பாத்தியே!"

"கிழங்கு இல்லக்கா, தண்ணி ஊத்தப் பயந்த நம்ம தோட்டத்துப் பழக்கம்தான் கொல்லப் பாத்துச்சு."

அன்று வாய்க்கால் மதகை முழுதாகத் திறந்து தொட்டியை நிரப்பினார். மாவு அடியில் தங்கியதும் மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார். கைவிரல் வெளுத்துச் சுருங்கும்வரை விடவில்லை. சுட்ட ரொட்டியைத் தானே முதலில் தின்று, பொழுது சாயும்வரை எங்களை அடுப்பண்டை வரவிடவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்குக் கொடுத்தார். ஜப்பான்காரன் போகும்வரை அந்த மாவுதான் எங்களுக்குச் சோறு. அப்பா திரும்பி வரவில்லை.

போன மாதம் முத்துவோடு அங்கே போயிருந்தேன். அருவியைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. ஸ்டோர் இல்லை, மதகு இல்லை, தொட்டிகள் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அந்த வாடையும் இல்லை. பேரப்பிள்ளைகள் எடுத்த முத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரு கையாலும் அள்ளிக் குடித்தான்.

"இங்கயா மாவு எடுத்தோம்? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லலா அக்கா."

கசப்புகூடவா நினைவில்லை என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்து குடித்தான். அம்மா இதைப் பார்க்க இல்லையே என்று நினைத்தபடி நானும் தண்ணீரில் இறங்கினேன்.