பாக்கலாமுங்க

சகோதர ஊர் என்ற பேச்சு எழுபதுகளின் கடைசியில் எங்கள் மலைக்கு ஏறி வந்தது. ஜெர்மனியில் ஒரு சின்ன மலை நகரத்தின் மன்றம் எங்கள் ஊர் மன்றத்தோடு உறவு வைத்துக்கொள்ள விரும்பியது. அவர்கள் செலவில் இங்கே ஒரு நட்புப் பூங்கா. எங்களில் நான்கு பேர் அங்கே போய் வருவது. பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த என்னை மன்றத் தலைவர் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்த்துக்கொண்டார். அந்த நால்வரில் நானும் ஒருவன் என்றார். சேலத்துக்கு அப்பால் அதிகம் போயிராத எனக்கு அதன்பின் வேறு நினைப்பில்லை.

பூங்காவுக்குப் பார்த்த இடம் கிளியூர்ப் பாதையில் ஒரு பெரியவரின் சாமைக் காடு. பாட்டன் காலம் முதல் உழுதாலும் பட்டா இல்லை. மன்றம் நினைத்தால் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால், உழுகிறவர் தம் வாயால் சம்மதம் சொன்னால்தான் பூங்கா என்று இடம் பார்க்க நேரில் வந்திருந்த அந்த ஜெர்மன் ஊர் மேயர் பிடிவாதமாக இருந்தார். எல்லோரும் பெரியவர் வீட்டு வாசலுக்குப் போனோம். காப்பி வந்தது.

"என்னங்க பெரியவரே, உங்க காடு சீமை வரைக்கும் பேர் வாங்கப் போகுது!" என்றார் தலைவர்.

"காட்டுக்குப் பேரு எதுக்குங்க? மழை வந்தாப் போதும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "அவுங்க ஊர்ல கொரங்கு இருக்குதான்னு கேளுங்க சாமி. இல்லீன்னா நம்முளுதைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

காட்டைத் தரச் சம்மதமா என்று மேயர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். பெரியவர் காட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பாக்கலாமுங்க. நொம்ப தூரத்துலிருந்து வந்திருக்கறாங்க. காப்பி ஆறுது, குடிக்கச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரிடம் முடியாது என்று சொல்வதில்லை. பெண் கேட்டு வந்தாலும் மாடு கேட்டு வந்தாலும், மனமில்லையென்றால் 'பாக்கலாமுங்க'. கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார். எனக்கும் புரிந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால்கூட மேயர் தயங்கியிருப்பார். நான், "மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேயர் எழுந்து பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். விருந்தாளியாயிற்றே என்று பெரியவரும் சிரித்தார். அதைப் படம் எடுத்தார்கள்.

எல்லைக்கல் நட்ட பிறகு அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "ஏனுங்க வாத்தியாரே, நான் எப்பங்க சரின்னேன்?"

தலைவரிடம் எடுத்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார். நான் "பாக்கலாமுங்க" என்றேன். அவர் உடனே எழுந்து போய்விட்டார்.

நான் ஜெர்மனி போனேன். அந்த ஊர் மன்றக் கூடத்தின் சுவரில் பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். நிலம் தந்த நண்பரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு விருந்திலும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் உறவு முறியும், என்னோடு வந்த மூவரும் தலைகுனிவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மேலும் மேலும் அவரைப் புகழ்ந்தேன். ஊர் திரும்பியும் விடுதலை இல்லை. அங்கிருந்து யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் ஜீப் அனுப்பினார்கள். பெரியவர் அதற்குள் எஸ்டேட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பூங்கா திறப்புக்கு மேயர் மறுபடி வந்தார். பெரியவரைத் தேடி அழைத்துவரச் சொல்லி, மாலை போட்டு, அவருடைய பழைய காட்டின் நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்: சந்தோஷமாக இருக்கிறீர்களா?

நான் தமிழில் கேட்டேன். பெரியவர் மேயரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லிப்போடுங்க வாத்தியாரே. அவுங்க பாசையும் உங்களுக்குத் தெரியும், என்ற மனசும் தெரியும்."

தலைவர் என் பக்கத்தில் நின்றார். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக் கொடிகளோடு வரிசையாக நின்றார்கள். மேயர் காத்திருந்தார்.

சந்தோஷமாக இருக்கிறாராம் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.